டான்ஸ் என்னும் சொல்லும் ஐயன் திருக்கூத்தும்



சில திங்கட்கு முன்னர்க் காரைக்குடியில் நிகழ்ந்த ஒரு சைவக் கூட்டத்திற்குத் தலைமை தாங்கும் பணி எம்பால் விடப்பட்டிருந்தது. அன்று பேசிய அன்பர் கேட்போர் உள்ளத்தைப் பிணிக்கும் நாவன்மை வாய்ந்தவர். கூத்தப்பெருமானது ஐந்தொழிற் கூத்தினை அழகுற விரித்துவந்தவர், முடிவிற் குரலை உயர்த்தி, "ஆங்கிலேயர் டான்ஸ் என்கின்றார்களே, அச்சொல் எங்கிருந்து போயிற்று? நம் ஐயனுடைய தாண்டவம் என்னும் சொல்லே கடல்கடந்து தேய்ந்து டான்ஸ் ஆயிற்று. மேனாட்டார் ஆடக் கற்றதும் நம்மிடத்தே, ஆடலுக்குப் பெயரிடக் கற்றதும் நம்மிடத்தே" என்றார். மண்டபம் அதிரக் கைதட்டல் எழுந்தது. யாமும் கைதட்டினோம்.

அக்கைதட்டலே இக்கட்டுரைக்குக் காரணம். அன்பர் கூறியது பொருந்தாது என்பதனை யாம் அப்பொழுதே ஒருவாறு அறிந்திருந்தோம். அறிந்திருந்தும் தட்டினோம், முடிவுரையில் அதனைத் தொடாமலே விட்டோம். பேசப்பட்டது ஐயன் புகழ்தானே, அதில் ஒரு மிகை கலந்தால் யாது குறை என்று மனம் தனக்குத்தானே அமைதி கூறிக்கொண்டது. கூட்டம் கலைந்தபின் முன்வரிசையில் இருந்த முதிய ஆச்சியொருவர் எம்மை அணுகி ஒரு வினா வினவினார். அது யாதென்பதைப் பின்னர்க் கூறுவோம். அதற்கு விடைகூற நாவெழாது நின்றபோதுதான், சற்றுமுன் தட்டிய கைகள் எமக்கே நாணத்தைத் தந்தன. ஆகலின் முதலில் அச்சொல்லின் வரலாற்றை உள்ளவாறு ஆராய்ந்து, பின்னர் ஆச்சியின் வினாவிற்கு வருவோம்.

டான்ஸ் என்பது ஆங்கிலத்தின் முதுசொல் அன்று. 1066ஆம் ஆண்டில் நார்மாண்டி நாட்டு வில்லியம் இங்கிலாந்தைக் கைக்கொண்டபின், அந்நாட்டு அரசவையிலும் வழக்குமன்றங்களிலும் செல்வர் மனைகளிலும் பிரெஞ்சு மொழியே கோலோச்சிற்று. அவ்வாறு ஆங்கிலத்துட் குடிபுகுந்த பல்லாயிரஞ் சொற்களுள் இதுவும் ஒன்று. ஏறத்தாழ 1300ஆம் ஆண்டளவில் இஃது ஆங்கில வழக்கில் தலைகாட்டுகின்றது. இத்தாலியர், இசுப்பானியர், செருமானியர் முதலியோரிடத்தும் இதனையொத்த வடிவங்கள் வழங்குகின்றன. அற்றேல், அதற்குமுன் ஆங்கிலர் ஆடாதிருந்தனரோ எனின், ஆடினர். குதித்தற்பொருள் தரும் இலத்தீன் சொல்லொன்றினை அவர்கள் அதற்கு முன்னரே கடன்வாங்கி ஆடலுக்குப் பெயராக்கி வைத்திருந்தனர். பின்வந்த பிரெஞ்சுச் சொல் அதனை ஒதுக்கித் தள்ளிவிட்டது. இன்று கிறித்து பிறப்பு நாளிற் பாடும் பாட்டிற்குப் பெயராய் நிற்கும் கரோல் என்னும் சொல்லும், முற்காலத்திற் கைகோத்து வட்டமாகச் சுற்றிப் பாடியாடும் ஆட்டத்தைக் குறித்ததே. நம் செட்டிநாட்டு மகளிர் கும்மி சுற்றுதலை ஒருமுறை நோக்கினார்க்கு அது புதுமையாய்த் தோன்றாது.

இனிப் பிரெஞ்சுக்கு அப்பால் டான்ஸ் என்பதன் வேர் யாது? ஈண்டுதான் வழி மங்குகின்றது. பழைய செருமானியக் கிளைமொழிகளில் நீட்டுதல், இழுத்தல் என்னும் பொருளில் வழங்கிய ஒரு சொல்லினின்று இது பிறந்ததென்பர் ஒருசாரார். கைகளைக் கோத்துக்கொண்டு, முன்னிற்பார் பின்னிற்பாரை இழுத்துச்செல்ல, நீண்ட சங்கிலிபோல் ஆடும் ஆட்டத்தினின்று அப்பெயர் எழுந்திருக்கலாம் என்பது அவர் கருத்து. ஒலிமாற்ற விதிகளைக் கொண்டு அதனை மறுப்பாரும் உளர். முடிவாக இதன் மூலம் ஐயத்திற்குரியது என்றே ஆங்கில அகராதியாளர் எழுதிவைத்துள்ளனர். எண்ணிறந்த நூல்களைத் துருவிச் சொற்பிறப்புக் காண்பவர், தெரியாத இடத்தில் தெரியாதென்று எழுதும் அத்துணிவினை யாம் மதிக்கின்றோம். நம்மவர் எழுதும் சொல்லாராய்ச்சிகளில் அஃது அரிதாகவே காணப்படுகின்றது.

தாண்டவம் என்பது டான்ஸ் ஆயிற்றென்பார்க்கு உள்ள சான்று ஒலியொப்புமை ஒன்றே. தாண்டவம் என்னும் சொல்லின் பிறப்பே ஒருதலையாகத் துணியப்பட்டதன்று. தண்டு என்னும் பெயரினர் சிவபெருமான் ஆணையால் பரதமுனிவர்க்கு உணர்த்தியமையின் தாண்டவம் எனப் பெயர்பெற்றதென்பது நாட்டிய சாத்திர மரபு. தாண்டு என்னும் தமிழ் வினையோடு இயைத்துக் காண்பாரும் உளர். எப்படியாயினும் அச்சொல் இந்நாட்டினின்று பிரான்சு நாடு சென்று சேர்தற்குப் பாரசீகம், அரபு, கிரேக்கம், இலத்தீன் ஆகியவற்றுள் ஒன்றிலேனும் தங்கிச் சென்ற சுவடு இருத்தல் வேண்டும். அத்தகைய சுவடு எதுவும் காட்டப்பட்டிலது. மெய்யாகவே நம் மொழியினின்று ஆங்கிலம் புக்க சொற்கள் உள. கட்டுமரம் போயிற்று, சுருட்டுப் போயிற்று, மிளகுதண்ணீர் போயிற்று. இவையெல்லாம் சோழமண்டலக் கரையிற் கப்பலேறியவை. யார் எக்காலத்து எழுதி எடுத்துச் சென்றனர் என்பதற்குச் சான்றுடையவை. இத்தகைய சொற்கள் நமக்கிருக்க, வழிச்சீட்டில்லாத ஒன்றனைத் தேடிப்பிடித்து அனுப்புவானேன்?

இதனை ஓர் அன்பரிடம் கூறியபோது அவர் மெய்ப்பொருள் நாயனாரை எடுத்துக் காட்டினார். "பொய்வேடத்தையே திருநீற்றின்பொருட்டு மெய்யெனக் கொண்டு வணங்கினார் அன்றோ அப்பெருமான்? ஐயன் பெயரைத் தாங்கிய பொய்யொன்று இருப்பினும் அடியார் அதனை மறுக்கலாகாது" என்றார். மறுமொழி கூற ஒருகணம் திகைத்தோம். பின்னரே அவ்வரலாறு முழுதும் நினைவிற்கு வந்தது. நாயனார் வேடத்தை வணங்கினார். வேடம் புனைந்தவர் அவரல்லர். புனைந்தவன் முத்தநாதன். அவன் எவ்வாறு அரண்மனையின் உள்ளறை வரை சென்றான்? எங்குமில்லாத ஆகமநூல் ஒன்று கொணர்ந்திருப்பதாகக் கூறிச் சென்றான். சுவடிக்கட்டினுள்ளே இருந்தது வாள். பொய்யுரையைப் பொறுத்துக்கொண்டு வணங்குதல் வேறு; பொய்யுரையைச் சுவடியெனக் காட்டி மன்றத்திற் கொண்டுவருதல் வேறு. கேட்டு வணங்கினோர் நாயனார் பக்கத்தினர் ஆகலாம். அறிந்தும் சொல்வாரும், அறிந்தும் கைதட்டுவாரும் எப்பக்கத்தினர்? யாம் அன்று எப்பக்கம் நின்றோம் என்பது எமக்குத் தெளிவாகவே விளங்கிற்று.

பேசிய அன்பர் அறிந்தே கூறினார் என்பது எம் கருத்தன்று. அவர் எங்கோ படித்ததை நம்பியே கூறினார். குற்றம் அறிந்திருந்த எம்முடையதே.

இவ்வகைப் பேச்சிற்கு நம்மவர் ஏன் இத்துணை எளிதில் மகிழ்கின்றனர் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. வடமொழியின் நிருத்தியம் என்பது பிராகிருதத்தில் நச்ச எனத் திரிந்து, இந்தியில் நாச் ஆகி, இந்நாட்டிலிருந்த ஆங்கிலேயர் வாயில் நாட்ச் ஆயிற்று. இது மெய்யாகவே நம் நாட்டினின்று ஆங்கிலம் சென்ற ஆடற்சொல். சென்றபின் அதற்கு நேர்ந்தது யாது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது பெரிதும் இழிவுக் குறிப்போடு வழங்கலாயிற்று. தம் நாட்டு மாளிகைகளில் ஆடினால் டான்ஸ். நம் நாட்டு மகளிர் ஆடினால் நாட்ச். இராசராச சோழன் தஞ்சைப் பெருங்கோயிலில் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியேற்றி, ஒவ்வொருவர்க்கும் மனையும் ஆண்டொன்றுக்கு நூறு கலம் நெல்லும் வகுத்துக் கல்லில் வெட்டிவைத்தான். அவர்தம் வழிவந்த ஆடலைப் பின்னாளில் நம்மவரும் அந்நாட்ச் என்னும் கண்கொண்டே நோக்கத் தலைப்பட்டனர். பெண்மக்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தால் விளைந்த துன்பங்கள் மெய்யானவை. 1947ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்துச் சட்டம் அதனைத் தடுத்தது நன்றே. ஆயினும் ஒழிக்கவேண்டிய கொடுமையையும் போற்றவேண்டிய கலையையும் ஒரே சொல்லாற் சுட்டியமையால் நேர்ந்த இழப்பு சிறிதன்று. 1930களில் அக்கலையைக் காக்கப் புகுந்தோர், சதிர் என்னும் பெயரை விடுத்துப் பரதநாட்டியம் என்னும் பெயரை நிலைநாட்டியதற்கும் அதுவே காரணம்.

இப்பழிச்சொல்லின் நிழலில் நின்றவர்க்கு, மேனாட்டார் வாயிலாக வந்த ஒரு புகழ்ச்சொல் தேனாக இனித்ததில் வியப்பில்லை. 1912ஆம் ஆண்டில் ஆனந்த குமாரசுவாமி என்னும் ஈழத்தறிஞர் சிவபெருமான் திருக்கூத்தினைப் பற்றிய தம் கட்டுரையை ஆங்கிலத்தில் எழுதி, நல்லசுவாமிப் பிள்ளையவர்கள் தொடங்கிய சித்தாந்த தீபிகை என்னும் திங்களிதழிலே வெளியிட்டார். 1918இல் அது நூல்வடிவில் வெளிவந்து உலகெங்கும் பரவிற்று. அதன்பின் டான்ஸ் என்னும் சொல் ஐயன் திருமுன் கைகூப்பி நிற்கும் பேறு பெற்றது. 1975இல் பிரிட்ஜாப் காப்ரா என்னும் பௌதிக அறிஞர் அணுத்துகள்களின் இயக்கத்தை அத்திருக்கூத்தோடு ஒப்புநோக்கி எழுதினார். 2004ஆம் ஆண்டு சூன் 18ஆம் நாள், ஜெனீவா நகரையடுத்த செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில், இந்திய அரசு வழங்கிய இரண்டு மீட்டர் உயரமுள்ள கூத்தப்பெருமான் திருவுருவம் நிறுவப்பெற்றது. இவையெல்லாம் உவகைக்குரியனவே. ஆயினும் "செர்ன் விஞ்ஞானிகளே ஏற்றுக்கொண்டனர்" என்று நம்மவர் மேடைதோறும் கூறக் கேட்கும்போது, டான்ஸ் தாண்டவத்தினின்று வந்ததென்னும் பேச்சின் எதிரொலியே எம் செவிக்குக் கேட்கின்றது. ஐயன் ஆடலுக்கு அயலார் நற்சான்றிதழ் தேடுமளவிற்கு நாம் வறியராயினோமோ?

அயற்சொல்லை விடுத்து நம் சொல்லுக்கு வருவோம். தொல்காப்பியனார் கூத்தரைக் கூறுகின்றார். சிலப்பதிகாரத்து மாதவி ஆடிய பதினோராடலுள் கொடுகொட்டியும் பாண்டரங்கமும் சிவபெருமான் ஆடியன. திருமூல நாயனார் ஒன்பதாந் தந்திரத்தில் திருக்கூத்துத் தரிசனம் எனத் தனியே ஒரு பகுதி வகுத்துச் சிவானந்தக் கூத்து, சுந்தரக் கூத்து, பொற்பதிக் கூத்து, பொற்றில்லைக் கூத்து, அற்புதக் கூத்து என விரிக்கின்றார். கூத்து, நடம், நட்டம், ஆடல் என்னும் இச்சொற்களுள் ஆடல் என்பதே எம்மை மிகவும் கவர்கின்றது. ஆடு என்பதன் முதற்பொருள் அசைதல். அதனால் மரக்கிளையும் ஆடும், விளக்கின் சுடரும் ஆடும். அம்முதற்பொருளினின்று இச்சொல் கிளைத்த கிளைகளைப் பாருங்கள்: விளையாடுகின்றோம், உரையாடுகின்றோம், கொண்டாடுகின்றோம், நீராடுகின்றோம், போராடுகின்றோம். தைப்பூசத்திற்கு நம் நகரத்தார் காவடி சுமந்து குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடந்தே செல்கின்றனர். நடந்து சென்றவர் அங்கே காவடியாடுகின்றனர். ஒருபுறம் இவ்வாறிருக்க, மறுபுறம் தள்ளாடுகின்றோம், அல்லாடுகின்றோம், உயிர் ஊசலாடுகின்றது என்கின்றோம். முன்னவை நாமே ஆடுவன; பின்னவை நம்மை ஏதோ ஒன்று ஆட்டுவிப்பன. தமிழன் இவ்விரண்டிற்கும் ஒரு சொல்லே வைத்தான்.

இவ்வெல்லாவற்றினும் வியத்தகுவது மன்றாடுதல் என்பது. மன்றம் என்பது ஊரார் கூடும் பொதுவிடம். அங்கே நின்று தன் குறையை முறையிட்டு இரத்தல் மன்றாடுதல். தில்லை மன்றத்தில் நின்று ஆடுகின்ற பெருமானும் மன்றாடியே. அவனும் மன்றாடுகின்றான், நாமும் மன்றாடுகின்றோம். இச்சொல்லொற்றுமை சாத்திரமாகாது, சொல்லின்மேல் சித்தாந்தம் கட்டலாகாதென்று மேலே கூறிய யாமே அதனைச் செய்தல் தகாது. ஆயினும் அன்றிரவு ஆச்சி எம்மிடம் வந்து நின்ற நிலைக்கு இதனினும் பொருந்திய சொல் வேறில்லை.

அவர் கூறியவற்றை அவர் வாய்மொழியாகவே தருகின்றோம். "எல்லாம் நல்லாத்தான் பேசுனீக தம்பி. பேரு எங்கேருந்து போனா நமக்கு என்ன? அவரு எதுக்கு ஆடுறாரு? எம் பேரன் போனானே, அதுவும் அந்த ஆட்டத்துல ஒரு தாளமா?" கல்லூரியிற் பயின்றுவந்த பேரனைச் சாலை விபத்தொன்றில் இழந்து ஓராண்டு கடவாதவர் அவர் என்பதனை அருகிலிருந்தார் பின்னர்ச் சொல்ல அறிந்தோம். அவர் குரலிற் சினமில்லை. விடையை மெய்யாகவே எதிர்நோக்கி நின்றார். யாம் ஏதோ இரண்டொரு சொற்களை முணுமுணுத்து விடைபெற்றோம்.

மறுநாட் காலையில் திருப்புத்தூர் சென்றோம். பாண்டிநாட்டுப் பாடல்பெற்ற தலங்களுள் ஒன்றாகிய அவ்வூரில் இறைவன் திருத்தளிநாதர் என்னும் திருப்பெயரோடு எழுந்தருளியுள்ளான். அம்மைக்காக ஐயன் கௌரி தாண்டவம் நிகழ்த்திய தலமென்று அதனைப் பெரியோர் போற்றுவர். திருநெல்வேலியில் முனிதாண்டவம், மதுரையிற் சந்தியா தாண்டவம், குற்றாலத்தில் திரிபுர தாண்டவம் எனப் பாண்டிநாடெங்கும் அவன் ஆடிய இடங்கள். 1801ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் மருதிருவர் தூக்கிலிடப்பட்டதும் இத்திருப்புத்தூரிலேதான். ஆடல் நிகழ்ந்த ஊரிலேயே அழுகையும் நிகழ்ந்துள்ளது. கூத்தப்பெருமான் திருமுன் நெடுநேரம் நின்றோம்.

திருவுருவின் பொருளை உண்மை விளக்கத்தில் மனவாசகங்கடந்தார் தெளிவுறக் காட்டியுள்ளமை அன்பர் அறிந்ததே. உடுக்கையில் படைப்பு, அமைத்த கரத்திற் காப்பு, ஏந்திய அனலில் அழிப்பு, ஊன்றிய திருவடியில் மறைப்பு, தூக்கிய திருவடியில் அருள். இதனைப் பன்முறை கூட்டங்களில் எடுத்துக் கூறியுள்ளோம். கூறும்போதெல்லாம் எம் மனம் தூக்கிய திருவடியிலேயே சென்று தங்கும். ஊன்றிய திருவடியை ஒரு சொல்லோடு கடந்துபோகும். அன்று முதன்முறையாக எம் கண் அவ்வூன்றிய திருவடியினின்று மேலெழவில்லை. திருமேனியின் பாரமெல்லாம் அதன்மேல் நிற்கின்றது. அஃது ஊன்றாவிடின் மற்றையது எழாது. அருளலைத் தாங்கி நிற்பது மறைத்தலே.

ஆச்சியின் வினாவில் ஒரு பெரும் பூசல் அடங்கியுள்ளது. இறைவன் ஆடுவது அவனுடைய இன்பத்திற்காயின், உயிர்களின் துன்பம் அவ்வின்பத்திற்குக் கருவியாய் முடியும்; அத்தகையோனை வணங்குதல் எங்ஙனம்? அவன் ஆடுவது பிறிதொன்று பெறுதற்காயின், அவன் குறையுடையவனாவான். அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரில் இதனை நேர்நின்று ஆராய்கின்றார். ஐந்தொழிலையும் அவன் விளையாட்டென்று கூறினும் கூறலாம் என ஒருதலை உடன்பட்டு, அவ்வளவோடு நில்லாது, உயிர்க்குப் போகமும் வீடும் வழங்குதலும் அதனைப் பற்றிய மலங்களைத் துடைத்தலுமே அவற்றின் பயன் என்று காட்டுகின்றார். விளையாட்டு என்னும் சொல்லை அவர் முற்றும் விலக்காமைக்குக் காரணம் யாதென நெடுநாள் எண்ணியதுண்டு. அதற்கு எம் ஊர்ப்பக்கத்து நிகழ்ச்சியொன்றே எமக்கு விளக்கமாயிற்று.

ஆத்தங்குடியில் தளக்கல் வார்ப்பாரைக் கண்டிருப்பீர்கள். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாக வண்ணக் குழம்பினை ஊற்றி, அச்சை மேலே தூக்கி எடுக்கும்போது பூவும் கொடியும் கலையாமல் அப்படியே நிற்கும். அருகில் நின்று பார்ப்பவர் "விளையாட்டுப்போலச் செய்கின்றாரே" என்பர். அவ்வேலை அவர்க்கு எளிது என்பதே அதன் பொருள். அவர் பொழுதுபோக்கிற்காகச் செய்கின்றார் என்பது பொருளன்று. அக்கல் ஒருவர் மனையின் தரையாதற்கென்றே வார்க்கப்படுகின்றது. அதன்மேல் பிள்ளைகள் தவழும். நூறாண்டு பலர் நடப்பர். ஆதலின் சித்தியார் உடன்படும் விளையாட்டு என்பது செய்பவனுடைய எளிமையைக் குறித்தது. செயலின் நோக்கத்தைக் குறித்ததன்று. டான்ஸ் என்னும் சொல்லைக் கேட்ட அளவில் இக்காலத்தார் நெஞ்சில் எழுவது கேளிக்கை. அச்சொல்லை அப்படியே ஐயன்மேல் ஏற்றுங்கால் நோக்கமும் கேளிக்கையாகிவிடுகின்றது. சொல் எங்கிருந்து வந்ததென்பதனினும், அது தன்னொடு எதனைச் சுமந்து வருகின்றதென்பதே நாம் அஞ்சத்தக்கது.

இவ்வளவும் சாத்திரத்திற்குப் பொருந்துவன. ஆயினும் பேரனை இழந்தார் ஒருவர்முன் நின்று, "உயிர் வினைக்கீடாக வந்தது, வினைமுடிந்து சென்றது, இருவினையொப்பும் மலபரிபாகமும் வருமளவும் மறைத்தல் நிகழும்" என்று கூறலாமோ? கூறுவன எல்லாம் உண்மையே. அவ்வுண்மையை அவர் தாமே தமக்குக் கூறிக்கொள்ளலாம். ஊறுபடாத யாம் அவர்க்குக் கூறுதல் அறமன்று என்றே நினைக்கின்றோம். மெய்யைச் சொல்ல வேண்டிய இடத்தில் அஞ்சி வாளாவிருந்தது முதற்பிழை. அதற்கு ஈடுசெய்வான் புக்கு, மெய்யையே கல்லாக்கி ஒரு தாயின்மேல் எறிதல் அதனினும் பெரும்பிழை. இவ்வெண்ணத்தோடு சில நாட்கள் கழிந்தன.

பின்னர்க் காரைக்குடிக்கு மீண்டும் சென்றபோது ஆச்சியின் மனைக்குப் போனோம். இரண்டு கட்டுகளைக் கடந்து, பின்கட்டில் அமர்ந்திருந்தார். முதலில், அன்று மேடையிற் கூறப்பட்ட சொல்லாராய்ச்சி தவறென்றும், தலைமையிலிருந்த யாம் அதனைத் திருத்தாதது எம் குற்றமென்றும் சொன்னோம். "அது கெடக்கட்டும், உக்காருங்க" என்றார். பிறகு திருப்புத்தூரிற் கண்டதைக் கண்டவாறே கூறினோம். "ஆச்சி, நீங்கள் கேட்டதற்கு எனக்கு விடை தெரியாது. ஒன்று மட்டும் தெரிகின்றது. நாம் எல்லோரும் தூக்கிய திருவடியையே பார்த்துக் கும்பிடுகின்றோம். இப்பொழுது நீங்கள் இருப்பது ஊன்றிய திருவடியின் கீழ். இருட்டாகத்தான் இருக்கும். அதுவும் அவன் திருவடிதான்" என்றோம்.

நெடுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பின்னர்க் கேட்டார்: "ஊன்றின காலு அவருக்கு வலிக்காதா தம்பி?"

எமக்கு மெய்சிலிர்த்தது. இதே வினாவினை முன்னொரு பாண்டியன் கேட்டானன்றோ? அறுபத்துமூன்று கலைகளையும் கற்று, ஆடற்கலை ஒன்றே எஞ்ச, அதனையும் பயிலத் தொடங்கிய இராசசேகர பாண்டியனுக்கு உடல் நொந்தது. அந்நோவு தோன்றிய பின்னரே வெள்ளியம்பலத்தில் ஒரே காலை ஊன்றி எக்காலமும் நிற்பானுடைய நோவு அவன் நெஞ்சைத் தொட்டது. அதற்குமுன் அறுபத்துமூன்று கலைகளைக் கற்றபோதும் அவனுக்கு அவ்வெண்ணம் எழவில்லை. கால்மாறி ஆடியருளவேண்டும் என்று அவன் மன்றாட, ஐயனும் இசைந்து மாறினான். ஊன்றியிருந்த வலத்திருவடி எழுந்தது. எழுந்திருந்த இடத்திருவடி ஊன்றிற்று. மறைத்த பாதமே அருளும் பாதமாகவும், அருளிய பாதமே மறைக்கும் பாதமாகவும் நின்றன. இரண்டும் வேறல்ல என்பதனைத் தில்லையிற் சாத்திரத்தால் உணர்கின்றோம். மதுரையில் அதனைக் கண்ணாலேயே காணலாம்.

இவ்வரலாற்றை ஆச்சிக்குச் சொன்னோம். பாண்டியன் கதை அவர் முன்பே கேட்டதுதான்; மதுரைக்கும் பலமுறை சென்று வந்தவர்தான். "மீனாச்சியப் பாத்துட்டு வந்துருவோம். வெள்ளியம்பலத்துல நின்னு கால எங்க பாத்தேன்" என்றார். வருகின்ற திருவாதிரைக்கு அவரை அங்கே அழைத்துச் செல்வதாக ஒப்புக்கொண்டு வந்திருக்கின்றோம்.